படிகளை எண்ணி எழுது

பண்டாரவளை,
ஐப்பசி 10.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முற்றத்தில் நின்றபடியே ஒரு முறை படித்தேன். மழை வலுக்கவே உள்ளே வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். ஏழு பேர்ச் காணியில் நீ எழுப்பிய வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்தது என்பதும், தங்கச்சியின் முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது என்பதும் ஆறுதலான செய்திகள். இங்கே எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. எனக்குத்தான் அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரை கூடியிருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த கேள்விக்கே இந்தப் பதிலை ஒதுக்குகிறேன். கொழும்பில் இருக்கும் மகன் புதுவீட்டுக் காவலுக்குச் சைபீரியன் ஹஸ்கிக் குட்டி ஒன்றை வாங்கி அனுப்பப் போவதாகவும், நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு அதைவிடப் பொருத்தமான நாய் கிடையாது என்று விற்பவர் சொன்னதாகவும், நாற்பது வருடமாக நாய் வளர்ப்பவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஒற்றைச் சொல்லில் மறுத்தால் மகன் மனம் வருந்துவான் என்பதால் காரணங்களையும் எழுதுகிறேன். அவனுக்கும் இதைக் காட்டு.

ஹஸ்கி, வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த நாய். 1925 ஜனவரி கடைசியில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் டிப்தீரியா பரவியபோது, இருபது வண்டிக்காரர்களும் ஏறத்தாழ 150 நாய்களும் மாறி மாறி ஓடி, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்த கதை உனக்கும் தெரிந்திருக்கும். அந்த ஓட்டம் அந்த நாயின் இரத்தத்தில் இருக்கிறது. ஏழு பேர்ச்சில் வீடு போக மிஞ்சுகிற முற்றத்தில் அது எங்கே ஓடும்? ஓட இடமில்லாவிட்டால் தோண்டும், வேலி தாண்டும், இரவில் ஊளையிடும். அதைவிட முக்கியமான ஒன்று: ஹஸ்கி அந்நியரைக் கண்டால் குரைப்பதைவிட வாலாட்டி வரவேற்பதே அதிகம். காவலுக்கென்று வாங்கினால் கள்ளனுக்கு வழிகாட்ட ஓர் ஆள் வைத்ததாகத்தான் முடியும். நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள்; இங்கே தேங்காய் நாயாகவும், அதை உருட்டிக்கொண்டு திரிபவன் நீயாகவும் இருப்பாய்.

குளிர் என்ற காரணமும் சரியானதல்ல. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அதன் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. தை மாசியில் கொழுந்து பனியில் கருகும் சில விடியல்களைத் தவிர்த்தால், நாட்டு நாய்க்கே அந்தக் குளிர் ஒரு பொருட்டல்ல. நமது மலைகளில் நாயை வாட்டுவது ஈரம். உங்கள் பக்கத்தில் வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை புரட்டாதி வரை விடாமல் பெய்யும்போது, அடர்ந்த இரட்டை மயிர் உள்ள நாய் எப்போது உலரும்? துவட்டாமல் விட்டால் தோலில் புண் வரும், காதுக்குள் சீழ் வைக்கும், விரலிடுக்கில் அட்டை ஒட்டிக்கொண்டிருப்பது மயிருக்குள் தெரியாது. தினமும் அதைத் துவட்டிச் சீவுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றித்தான் நாம் யாரும் யோசிப்பதில்லை. சாதிநாய் வளர்க்கும் ஆசை நமக்குப் பங்களாவிலிருந்து வந்தது. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் மரை வேட்டைக்கென்றே ஒரு நாய்க்கூட்டம் வைத்திருந்தார். அவருக்குப் பின்வந்த துரைமாரும் ஆளுக்கொன்றிரண்டு நாய்கள் வைத்திருந்தார்கள். என் அப்பா சிறுவனாக இருந்தபோது பங்களாவில் அவருக்கிருந்த வேலையே துரையின் இரண்டு நாய்களைக் குளிப்பாட்டுவதும், உண்ணி பொறுக்குவதும், காலையும் மாலையும் தேயிலைச் சாலையில் நடத்திக்கொண்டு போவதும்தான். துரை மாலையில் அவற்றின் தலையைத் தடவிக்கொடுப்பார். நாம் அந்த நாயை ஆசையோடு நினைவில் வைத்திருக்கிறோம், அதன் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த பையனை மறந்துவிட்டோம். ஆகவே எந்த இனம் என்று கேட்பதற்கு முன்னால், உன் வீட்டில் அந்தப் பையன் யார் என்று கேட்டுக்கொள். உனக்கு வயது அறுபத்தாறு, தங்கச்சிக்கு முழங்கால் வலி, பேரன் வருவதோ மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் அறிந்தேன். மஸ்கெலியாப் பக்கம் தோட்ட டிஸ்பென்சராக இருந்த காலத்தில், 1996ஆம் ஆண்டு, அல்சேஷன் குட்டி ஒன்றை வாங்கியது உனக்கு நினைவிருக்கும். ராஜா என்று பெயர் வைத்ததே நீதான். விற்றவர் பரம்பரைச் சான்றிதழ் என்று ஒரு தாளைக் கொடுத்தார். தாய் தந்தையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவரும் காட்டவில்லை. ஜெர்மனியில் 1899இல் ஆட்டு மந்தை மேய்க்கும் நாய்களிலிருந்து வகுக்கப்பட்ட இனம் அது. நாள் முழுவதும் நடக்கப் பிறந்த நாய். சாலையிலிருந்து என் குவாட்டர்ஸுக்கு அறுபத்திரண்டு கருங்கற் படிகள். குட்டி அந்தப் படிகளில் ஏறி இறங்குவதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன், சீக்கிரம் பெரிதாகட்டும் என்று வயிறு முட்டவும் ஊட்டினேன். இரண்டு வயது நிறைவதற்குள் படியேறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயலைப் போலத் துள்ளத் தொடங்கியது. விளையாட்டென்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். பிறகு எழுந்திருக்கவே முனகியபோது, வான் பிடித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே படத்தில் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் சரியாகப் பொருந்தாமல் இருந்ததைக் காட்டினார்கள். பெரிய உருவ நாய்களில் பரம்பரையாக வரும் கோளாறு அது. குட்டிப் பருவத்தில் அதிவேகமாக எடை கூடுவதும் மூட்டுக்கு மீறிய வேலையும் அதை மோசமாக்கும். வேலையைக் கொடுத்தவை என் படிகள், எடையைக் கொடுத்தவன் நான். ஏழு வயதில் ராஜா செத்தது. கடைசி ஒரு வருடம் அதைத் தூக்கித்தான் படி இறக்கினேன், முப்பத்தைந்து கிலோ.

அன்றிலிருந்து மலையில் வீடுள்ள எவர் நாயைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது படிக்கட்டைப் பற்றித்தான். கொழும்பில் சமதரையில் வளர்கிற நாய்க்கு இல்லாத சோதனை இங்கே உண்டு. நீள முதுகும் குட்டைக் காலும் கொண்ட டாக்ஸ்ஹண்ட் பார்க்க அழகுதான். படியிறங்கிக் குதித்துக் குதித்து முதுகெலும்பின் வட்டு பிதுங்கினால் பின்னங்கால்கள் செயலிழந்துவிடும். சப்பை மூக்குள்ள பக், மேடு ஏறினால் மூச்சுக்குத் திணறும். பொமரேனியன் வேண்டும் என்பது தங்கச்சியின் ஆசை என்று எழுதியிருந்தாய். எடை குறைவு, குரல் பெரிது, மடியில் படுக்கும், எல்லாம் சரிதான். அந்த மயிரையும் மழையையும் சேர்த்து யோசிக்கச் சொல்.

லெப்ரடோர் பற்றிக் கொஞ்சம் நிதானித்துத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு இனங்களில் நமது ஈரத்துக்கு ஓரளவு ஒத்துப்போவது அதுதான். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு தண்ணீரில் கிடந்த நாய்களின் வழிவந்தது. மயிர் குட்டை, தண்ணீர் ஒட்டாது, குழந்தைகளோடு நன்றாகப் பழகும். ஆனால் அதற்குப் பசி அடங்குவதில்லை. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு லெப்ரடோரில் பசியடக்கத்தோடு தொடர்புடைய மரபணுவில் ஒரு துண்டு இல்லாமலே இருக்கிறது. நீயோ யார் கையேந்தினாலும் இல்லையென்று சொல்லத் தெரியாதவன். ஒரே வருடத்தில் அது பீப்பாயாகிவிடும். முப்பது கிலோ நாய் ஈரப் படியில் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் தங்கச்சியின் முழங்கால் என்னவாகும் என்பதையும் யோசி. தினமும் ஒரு மணி நேரம் நடக்கும் இளம் குடும்பமாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது, கொழும்பிலிருக்கும் மகனுக்கு அது தோன்றாது. உங்கள் தோட்டத்தை ஒட்டிய காட்டில் சிறுத்தை நடமாடுகிறது. நாயைத் தேடி அது லயத்து வாசல் வரை வருவது நம் எவருக்கும் புதிய செய்தி அல்ல. இரவில் சங்கிலியில் கட்டிய நாய் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. கட்டி வைத்தவன் சிறுத்தைக்குப் பந்தி வைத்தவனாகிறான். எவ்வளவு பெரிய றொட்வைலர் ஆனாலும் கணக்கு மாறாது. ஆகவே இரவில் வீட்டுக்குள் படுக்கக்கூடிய அளவிலும் குணத்திலும் உள்ள நாயே உனக்குப் பொருந்தும். மோப்பம் பிடித்தால் கூப்பிட்டாலும் திரும்பாத பீகிள் போன்றவற்றையும் நீக்கிவிடு. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி தேயிலைக்குள் எங்கே கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

அப்படியானால் எதைத்தான் வளர்ப்பது என்று கேட்பாய். சிரிக்காதே: நாட்டு நாய். என் கறுப்பியைப் போன வருடம் நீ பார்த்தாய் அல்லவா? கவ்வாத்து மலையில் பெண்கள் கண்டெடுத்துக் கொண்டுவந்த குட்டி. இப்போது பதினான்கு கிலோ. நனைந்தால் இரண்டு உதறு உதறி அடுப்படியில் படுத்து அரை மணியில் உலர்ந்துவிடுகிறது. படிகளை ஆட்டைப் போல ஏறுகிறது. கேட்டுக்கு அப்பால் புதுக் காலடி கேட்டால் போதும், வீடே எழுந்துவிடும். நாம் தின்னும் சோற்றோடு மீனோ முட்டையோ சேர்த்தால் அதற்குப் போதும். வெங்காயம் போட்ட குழம்பை மட்டும் ஊற்றாதே. 2022 பொருளாதார நெருக்கடியில், பையில் விற்கும் நாய் உணவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, சாதிநாய் வைத்திருந்த அக்கம்பக்கத்தார் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். குறையில்லாத நாய் இது என்று சொல்லமாட்டேன். வெளிக்கேட் திறந்தால் ஊர் சுற்றப் போகும், காரணமில்லாமலும் குரைக்கும்.

மகன் 'இனம் தெரிந்தால்தானே குணம் தெரியும்' என்று வாதாடக்கூடும். 2022இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பதினெட்டாயிரத்துக்கும் அதிகமான நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே குணத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஒன்பது சதவீதம் அளவையே இனம் விளக்குகிறது என்று கண்டார்கள். உருவமும் மயிரும் இடுப்பும் மூக்கும் இனத்தோடு வருகின்றன. சாதுவா முரடா என்பது பெரும்பாலும் அந்தத் தனி நாயையும் அது வளர்ந்த விதத்தையும் பொறுத்தது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை மனிதர் கை படாமல் வளர்ந்த குட்டி, எந்தச் சாதியானாலும், பிற்காலத்தில் மிரளும்.

அதனால்தான் உனக்குக் குட்டியே வேண்டாம் என்கிறேன். ஒன்றரை இரண்டு வயதான, குணம் தெரிந்துவிட்ட பெண் நாய் ஒன்றைப் பார். உங்கள் மேல் டிவிசனில் யாராவது வீடு மாறிப் போகிறவர்கள் நாயை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பார்கள், விசாரி. நேரில் போ, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ. சாப்பிடும்போது தட்டருகே கை போனால் உறுமுகிறதா, பிள்ளைகள் கத்தும்போது ஒதுங்குகிறதா பாய்கிறதா, கயிற்றில் கட்டினால் இழுக்கிறதா என்று கவனி; ஒரு நாளில் தெரியாவிட்டால் மூன்று நாள் போ. எடுத்துக்கொண்டால் முதலில் விசர்நாய்த் தடுப்பூசி. அரசு இலவசமாக ஏற்றும் நாள் எப்போதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்வார். வருடந்தோறும் தவறாமல் போடு. கருத்தடையையும் தள்ளிப்போடாதே, இல்லாவிட்டால் தை மாதத்தில் முற்றத்தில் ஆறு குட்டிகளோடு உட்கார்ந்து எனக்கு அடுத்த கடிதம் எழுதுவாய்.

மகனுக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றினால், ஹஸ்கிக்கு ஒதுக்கிய பணத்தில் கம்பிவேலியும் நல்ல கேட்டும் போட்டுத்தரச் சொல். எந்த நாய்க்கும் அது வேண்டும்.

கார்த்திகை பிறந்ததும் மழை விட்டால் ரெயிலேறி வரலாம் என்றிருக்கிறேன். அதற்குள் ஏதாவது நாய் கண்ணில் பட்டால், நான் வந்து பார்க்கும்வரை முடிவு சொல்லாமல் வை. சாலையிலிருந்து உன் வாசலுக்கு எத்தனை படிகள், எவ்வளவு உயரம் என்பதை எண்ணி எழுது. எனக்கும் இப்போது முழங்கால் முன்னைப் போல் இல்லை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்.