கண்ணாடி ஃபிரேம் விற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த தம்பிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

இடது கண் சட்டென்று இருட்டித் தெளிந்ததில் தொடங்கி, வேலூரில் கழுத்து ரத்தக்குழாய் ஆபரேஷன்வரை போய், அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார். கழுத்தில் தையல் போட்ட இடத்தில் பிளாஸ்திரி இருக்கிறது, குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறார். இரண்டு கண்ணும் தெரிகிறது. காலையில் வலது கையால் தானே பிசைந்து சாப்பிட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன நடந்தது என்பது குடியாத்தத்தில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

பஜாரில் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு முதல் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. ஆனால் அவர் செய்ததை விவரமாகச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அவரிடம் நாங்கள் போனது புதுக் கண்ணாடி போட. பவர் மாறியிருக்கும் என்பது அப்பாவின் கணக்கு. ஃபிரேம் பிடித்துப்போய், அட்வான்ஸ் கொடுத்து, பில்லும் போட்டாயிற்று. பவர் பார்க்க உட்காரவைத்தபோதுதான் அப்பா பேச்சுவாக்கில் சொன்னார்: காலையில் தறிகிட்ட நிக்கும்போது மேலேர்ந்து ஷட்டர் எறங்கின மாதிரி கண்ணு இருட்டிச்சு, அப்புறம் தானா ஏறிடுச்சு என்று. தம்பி கையிலிருந்த லென்ஸை அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

"ஒரு கண்ணிலா ஐயா, ரெண்டு கண்ணிலுமா?"

"இடது கண்ணுல."

"ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்பா. வலது கண்ணை மூடினா மேல்பக்கம் ஒண்ணும் தெரியல. இடதை மூடினா தறி நல்லாத் தெரிஞ்சது."

எவ்வளவு நேரம், வலி இருந்ததா, அந்த நேரத்தில் கை கால் மரத்ததா, பேச்சு குழறியதா, இதற்கு முன் வந்திருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று வரிசையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே எங்கள் பில்லைத் திருப்பி, பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதினார். ஒரு வட்டம் போட்டு, பேனாவை அப்பாவிடம் கொடுத்து, "எதுவரைக்கும் எறங்கிச்சு, ஒரு கோடு போடுங்க" என்றார். அப்பா நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு இழுத்தார். தம்பி அதற்கு மேலே பேனாவால் கறுப்படித்தார்.

அப்புறம் கல்லாவைத் திறந்து அட்வான்ஸ் பணத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இது கண்ணாடி வேலை இல்லக்கா. கண்ணுக்குப் போற ரத்தத்துல ஏதோ கோளாறு இருக்கலாம். நான் டாக்டர் இல்ல, ஆனா இதைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு படிச்சிருக்கேன். இப்ப நல்லாத் தெரியுதேன்னு நாளைக்குன்னு வைக்காதீங்க. இன்னிக்கே வேலூர் போங்க. பைக்ல வேணாம், கார் பிடிங்க." சீட்டின் மேலே 'இன்றே' என்று எழுதி அடிக்கோடு போட்டார். சாயங்காலம் அவரே போன் செய்து, போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டார். கடைக்கு ஒரு வியாபாரம் போனது. அதைப் பற்றி அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

அந்தச் சீட்டின் அருமை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அப்பாவை விசாரிப்பதற்கு முன்பே டாக்டரம்மா அதை வாங்கிப் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். நாங்கள் போய்ச் சேரும்போது கண் தெளிவாக இருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை. வந்துவிட்டுப் போன ஒன்றைக் கண்டுபிடிக்க, வந்தபோது எப்படி இருந்தது என்ற விவரம்தான் முதல் பரிசோதனை என்று சொன்னார். ஒரு கண்ணா இரண்டு கண்ணா என்பதிலேயே பாதி வழி பிரிந்துவிடுமாம். ஒரு கண்ணில் மட்டும் என்றால் அந்தக் கண்ணிலோ, அதற்குப் போகும் ரத்தக்குழாயிலோ தேட வேண்டும். இரண்டு கண்ணிலும் இடது பாதி மறைந்தால்கூட நிறையப் பேர் 'இடது கண் தெரியவில்லை' என்றே சொல்வார்கள், ஆனால் அது மூளையின் பின்பகுதி சம்பந்தப்பட்டது. அதனால்தான் மூடி மூடிப் பார்த்தீர்களா என்ற கேள்வி. எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கி இரண்டு கண்ணும் இருட்டுவது வேறு. கண் வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து மங்கினால் கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

அப்பாவுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி, இதயத்துக்கு எக்கோ, தலைக்கு எம்ஆர்ஐ, கழுத்தில் ரத்த ஓட்டம் பார்க்க டாப்ளர் ஸ்கேன். நடுவில் ஒரு கேள்வி எனக்கு விசித்திரமாகப் பட்டது: சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை சீவினால் நெற்றிப்பொட்டு வலிக்கிறதா? 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொட்டுப் பக்கத்து ரத்தக்குழாயில் வீக்கம் வரும் ஒரு நோய் உண்டாம். இஎஸ்ஆர், சிஆர்பி என்று இரண்டு ரத்தப் பரிசோதனை அதற்காகத்தான். அது என்று பலமான சந்தேகம் வந்தால் சதைப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிடுவார்கள். தாமதித்தால் அடுத்த கண்ணும் போய்விடலாம். அப்பாவுக்கு அது இல்லை.

இருந்தது கழுத்தில். இடது பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து நன்றாகவே சுருங்கியிருந்தது. அங்கிருந்து பெயர்ந்த ஒரு துணுக்கு கண்ணுக்குப் போகும் சின்னக் குழாயை அடைத்து, பிறகு கரைந்தோ நகர்ந்தோ போயிருக்கிறது. கண் திரும்பக் கிடைத்தது அப்படித்தான், ஆனால் அடுத்த துணுக்கு கழுத்திலேயே காத்துக்கொண்டிருந்தது. இடது கழுத்துக் குழாய் இடது கண்ணுக்கும் போகிறது, இடது மூளைக்கும் போகிறது. வலது கையும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும், இடது மூளையின் பொறுப்பு. டாக்டரம்மா இதைச் சொன்னபோது அப்பா தன் வலது கையை விரித்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கைலி நெய்த கை. இப்போதும் பாவில் அறுந்த இழையை முடிய எங்கள் தெருவில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கண் இப்படி வந்து போனவர்களுக்கு, கழுத்துக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால், 2 வாரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது என்றார்கள். செய்தார்கள். இனி ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் விடாமல் சாப்பிட வேண்டும். பீடி நின்றுவிட்டது. அதற்கு அம்மா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். கேட்டதும் காரை எடுத்து, கே.வி.குப்பம், லத்தேரி வழியாகக் காட்பாடி நெரிசலையும் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்த எதிர்வீட்டு அண்ணன். தறி வேலையைப் பங்குபோட்டுப் பார்த்துக்கொண்ட தெருக்காரர்கள். கைமாற்றுக் கொடுத்துவிட்டு எப்போது திரும்பும் என்று கேட்காத மாமா. ஸ்கேன் அறை வாசலில் அப்பாவின் செருப்பைக் குனிந்து மாட்டிவிட்ட ஆயா. மொழி தெரியாமலே அம்மாவுக்கு வெந்நீர் பிடித்துக் கொடுத்த பக்கத்துப் படுக்கை வங்காளத்து அக்கா. 1900-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியம் சிஎம்சி ஆஸ்பத்திரியாக வளர்ந்து, இன்று அதன் பக்கத்துக் காந்தி ரோட்டுக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைக் கொண்டுவந்திருக்கிறது. வங்காளத்து நோயாளிகள் இரவும் பகலுமாக ரயிலில் வருகிறார்கள். நமக்கு அது பஸ் தூரம். அந்தக் கொடுப்பினையை இனி லேசாக நினைக்க மாட்டேன்.

ஆனால் பஸ் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தும், இன்றே போ என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. நம் பெரியவர்கள் வலி இருந்தால்தான் வாய் திறப்பார்கள். கண் இருட்டி, வலியில்லாமல் திரும்பி வந்துவிட்டால், வீட்டில் சொல்லக்கூட மாட்டார்கள். பித்தம், வெயில், தூக்கம் கெட்டது என்று தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்வார்கள். அதனால் நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எங்கள் தெருவில் அறுபது தாண்டிய ஒவ்வொருவரிடமும் போய், கண் எப்போதாவது இருட்டி வந்ததா என்று நானே கேட்கப் போகிறேன். ஏற்கெனவே மூன்று வீடு முடிந்தது. மூன்றாவது வீட்டுப் பாட்டி, வந்ததே, போன மாதம் என்றார். அவர் மகனிடம் அங்கேயே நின்று பேசி, அன்றைக்கே அனுப்பிவைத்தேன்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். வெளியூரிலிருந்தும் பெரியவர்கள் வந்து உட்காரும் இடம். அங்கே ஒரு தட்டியில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கப் போகிறோம்: எந்தக் கண், எவ்வளவு நேரம், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தீர்களா, கை கால் பேச்சு சரியாக இருந்ததா. கீழே, 'தெளிந்துவிட்டாலும் இன்றே டாக்டரிடம் போங்கள்'. தட்டியை எழுதித் தருவதாகத் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறார். துணிக்கும் பெயிண்டுக்கும் பணம் வாங்க மாட்டேன் என்கிறார், அதை மட்டும் நான் விடப்போவதில்லை.