அறுந்த கேபிளும் அந்த நீல ஜோடியும்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலமாரி மாட்ட டிரில் போட்ட இடத்தில் நெட் கேபிளின் மேலுறை கிழிந்து, நீல வயர் அறுந்து நிற்கிறது. அதை ஒட்டி நீலக்கோடு போட்ட வெள்ளை வயரும் செம்பு தெரிய நசுங்கியிருக்கிறது. "நெட் வருகிறது, ஆனால் பழைய வேகம் இல்லை" என்று எழுதியிருந்தாயே, அதற்குக் காரணம் இந்த நீலம்தான். உள்ளே இருப்பது எட்டு வயர், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளே போதும். ஆயிரம் வர நான்கும் வேண்டும். நீலம் போனதால் ரௌட்டரும் உன் கம்ப்யூட்டரும் 100-க்கு இறங்கி ஒப்பேற்றிக்கொண்டிருக்கின்றன.

முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்று அண்ணன் சொன்னானாமே. காலிங் பெல் வயருக்கு அது சரி. இதற்குச் சரிவராது. ஒரு ஜோடியின் இரண்டு வயரிலும் ஒரே சிக்னல் எதிரெதிராக ஓடுகிறது. மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறினால்தான் அந்தக் கழித்தலில் காணாமல் போகும். அப்படிச் சமமாக ஏற வைப்பது முறுக்கு. மேலுறையை இன்னும் ஓர் அங்குலம் சீவிப் பார், ஒரு ஜோடி நெருக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் முறுக்கியிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் ஒன்றின் சிக்னலை ஒன்று கெடுக்காமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். டேப்புக்கு அடியில் நாலு அங்குலத்துக்கு வயர்களைப் பிரித்து வைத்தால் இத்தனை யோசனையும் வீண்.

முதலில் ஒன்று செய். கேபிளின் ஒரு முனையை மெதுவாக இழு. மறுமுனை அசைந்தால் உன் அதிர்ஷ்டம், கேபிள் பைப்புக்குள் போகிறது. புதுக் கேபிளைப் பழையதன் நுனியில் கட்டி இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒட்டுப்போடாத கேபிளுக்கு ஈடு எதுவும் கிடையாது. முழுச் செம்பு கேபிளாகக் கேட்டு வாங்கு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், ஆனால் வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

அசையவில்லையென்றால் ஒட்டுத்தான். இரண்டு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றிவிட்டுத் தொடங்கு. கேமராவுக்கு இதே கேபிளில் கரண்ட் போகும் வீடுகளில் 57 வோல்ட் வரை இருக்கும். கையில் ஷாக் அடிப்பதைவிட, வயர்கள் உரசிக் கருவி கெடும் என்பதுதான் கவலை. காயம்பட்ட பகுதியை முழுவதுமாக வெட்டி எறி. நீலத்தை மட்டும் ஒட்டலாமே என்று ஆசைப்படாதே. இரண்டு நுனிகளையும் ஒரு சின்ன இணைப்புப் பெட்டிக்குள் கொண்டுவந்து, நிறம் பார்த்துப் பள்ளங்களில் வைத்து, பஞ்ச் டூலால் அழுத்து. பள்ளத்தில் உள்ள கத்தியே வயரின் தோலைக் கிழித்துச் செம்பைப் பிடித்துக்கொள்ளும், நீ தோலுரிக்க வேண்டாம். முறுக்கு அரை அங்குலத்துக்கு மேல் பிரியக் கூடாது. வெட்டியதில் நீளம் போதவில்லை என்றால் நுனிக்கு ஒரு ஜாக், அதாவது பிளக் செருகும் குழி, வைத்து, நடுவில் இருபுறமும் பிளக் உள்ள குட்டைக் கேபிளான பேட்ச் கார்டு போட்டுவிடு.

அப்புறம், வயருக்கு ஒரு விளக்கு எரியும் கேபிள் டெஸ்டரில் எட்டும் எரிந்துவிட்டால் எல்லாம் சரி என்று நம்பாதே. ஒரு ஜோடியின் வயரை இன்னொரு ஜோடியின் வயரோடு சேர்த்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருந்தாலும் அது பச்சை காட்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் எங்களை ராத்திரி முழுக்க உட்காரவைத்தது இந்த வகைப் பழுதுதான். பெரிய ஃபைல் ஒன்றை இந்தக் கேபிள் வழியாகக் காப்பி பண்ணிப் பார், உண்மை தெரிந்துவிடும்.

பெட்டியின் மேல் பூசி மூடிவிடாதே, மூடி திறக்கும்படி இருக்கட்டும். அலமாரிக்கு அடுத்த ஓட்டையை ஒரு கை தள்ளிப் போடு, கேபிள் அங்கிருந்து நேராகக் கீழேதான் இறங்குகிறது.

அம்மா