மலையில் ஓட்டப் பந்தயம் விடிந்த பிறகு தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரி - மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் 27 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். நடை ஓட்டமாகி, இப்போது வாரத்தில் நான்கு நாள் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். எங்கள் பக்கம் பந்தயம் நடந்தால் தண்ணீர் கொடுக்கவும் வழி காட்டவும் போய் நிற்பேன். அப்படி நின்ற ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடந்த டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஓடிய பத்து கிலோமீட்டர் பந்தயம். காலை ஐந்தரைக்கே கொடி அசைத்துவிட்டார்கள். நான்காவது கிலோமீட்டரில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு இறக்க வளைவில் எனக்கு வேலை. கையில் டார்ச், பக்கத்தில் ஒரு தார் வாழைப்பழம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. முதல் ஆட்கள் வருவதற்குள் மேல் வரப்பில் செடி முறியும் சத்தம் கேட்டது. டார்ச்சை அடித்தால் முதலில் தெரிந்தது நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டதுபோல வெள்ளையாக இருக்கும். மேலே இருந்த கறுப்பு உடம்பு முழுக்க இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. தனி ஆண். அந்த அளவுக்கு வளர்ந்தது ஒரு டன்னை எட்டும். ரோட்டில் இறங்கி, குறுக்கே நின்றுகொண்டு, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

அதே நேரம் மேலிருந்து ஷூ சத்தம். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளை, இறக்கத்தில் நல்ல வேகத்தில் வருகிறாள். இரண்டு கையையும் விரித்து மறித்தேன். "கண்ணு, நில்லு, நில்லு!" என்றேன். அவளுக்கு எதிரே நிற்பது தெரியவில்லை. "தாத்தா, விடுங்க, டைம் போயிடும்" என்கிறாள். டார்ச்சைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்களையும் நிறுத்தினேன். பதினான்கு பேர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றோம். மூன்று நிமிடம் கழித்து அது தானாகக் கீழ்த் தோட்டத்தில் இறங்கிப் போனது.

பந்தயம் முடிந்ததும் ஏற்பாட்டாளர்களிடம் போய், நின்ற பிள்ளைகளுக்கு அந்த மூன்று நிமிடத்தைக் கழித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். விதியில் இடமில்லை என்றார்கள். அந்தப் பெண்ணுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. எனக்கு வருத்தம் பதக்கத்தைப் பற்றி அல்ல. அடுத்த முறை ஒரு விலங்கு குறுக்கே நின்றால் அந்தப் பிள்ளை நிற்பாளா, ஓரமாகப் புகுந்து ஓடுவாளா? நின்றவளுக்கு நஷ்டம் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

இருட்டில் தொடங்கும் பழக்கம் சமவெளியிலிருந்து வந்தது. சென்னையில் வெயிலுக்குப் பயந்து அதிகாலையில் ஓடுகிறார்கள், நியாயம். கோத்தகிரி சுமார் 6,000 அடி உயரம். டிசம்பர், ஜனவரியில் எட்டு மணிக்கும் ஸ்வெட்டர் கழற்ற மனம் வராது. சூரியன் எட்டிப் பார்க்கவே ஆறரை தாண்டும். இங்கே எந்த வெயிலுக்குப் பயந்து ஐந்தரைக்கு ஓடுகிறோம்?

காட்டெருமையாவது கண்ணில் படும். கரடி அப்படியில்லை. இரவெல்லாம் சுற்றிவிட்டு, கோயில் விளக்கெண்ணெயைக்கூடக் குடித்துவிட்டு, விடியும் முன் தேயிலைக்குள் திரும்புகிற நேரம் அது. அதற்குக் கண் மந்தம், மூக்கை நம்பி வாழும் விலங்கு. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் நம் வாசனை அதற்குப் போகாது. பக்கத்தில் போய்விட்டால் பயத்தில் பாய்ந்துவிடும். பேருந்தில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துத்தான் திரும்புவேன். ஓடுகிறவருக்கு ஹாரன் ஏது? நான் இப்போது தனியாக ஓடும்போதும் வளைவுக்கு முன்னால் இரண்டு முறை கை தட்டி, சத்தமாகச் செருமிவிட்டுத்தான் திரும்புகிறேன். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடும் தம்பிகளைப் பார்த்தால் நிறுத்திச் சொல்கிறேன். போலீஸ் தேர்வுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடிப் பழகுகிறவர்கள் அவர்கள். வேலைக்குப் போகுமுன் ஓட அவர்களுக்கு ரோட்டை விட்டால் வேறு இடம் இல்லை. ஊர் மைதானங்களில் காலை ஐந்து மணிக்கு விளக்கு எரிந்தால் அவர்கள் தோட்டத்துப் பக்கமே வரமாட்டார்கள்.

பந்திப்பூர் காட்டு வழியாக மைசூரு போகும் சாலையை விலங்குகளுக்காக இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடுகிறார்கள். இரும்பு வண்டிக்கே அங்கே நேரம் வகுத்திருக்கும்போது, பனியனும் டவுசருமாக ஓடும் பிள்ளைக்கு ஒரு நேரம் வகுக்கக் கூடாதா?

ஏழரை மணிக்குத் தொடங்குங்கள். அதற்கு முன் வனத்துறை ஊழியர் ஒருவரோடு பைக்கில் பாதை முழுக்க ஒருமுறை போய் வாருங்கள். விலங்குக்காக நின்ற நேரத்தைக் கழிப்போம் என்று அறிவிப்பிலேயே அச்சடியுங்கள். அப்புறம், வாழைப்பழத் தோலை ரோட்டோரம் விடாமல் அன்றைக்கே அள்ளிவிடுங்கள். அன்று நான் வைத்திருந்த தார் அந்த வளைவில் இருந்திருக்கவே கூடாது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த ஆண்டுப் பந்தயத்துக்கும் ஐந்தரை என்றே பேச்சு அடிபடுகிறது. அறிவிப்பு வெளிவருவதற்குள் இந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் உங்களுக்கு எழுதினேன். நேரத்தை மாற்றினால் அதே வளைவில் நிற்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்