அரையாண்டு நிறைவு: சில செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தேறின. வெளிப்போட்டிகளில் பரிசு வாங்கிய மாணவர்களுக்கும், பரிசு வாங்காவிட்டாலும் மழையில் நனைந்தபடி ஓடி முடித்தவர்களுக்கும் பாராட்டுகள்.

இனி, ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் நடந்த வழக்காடு மன்றம் பற்றி. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இடைக்கால இலக்கியம் என்றால் மனப்பாடச் செய்யுள், அதற்கொரு பொழிப்புரை, தேர்வு முடிந்ததும் மறதி என்ற பழக்கத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று எங்கள் தமிழாசிரியர்கள் முன்வந்தார்கள். கம்பனை வாதாடிப் படிப்பது நமக்குப் புதிதில்லை. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ மேடைகள் பார்த்துவிட்டோம். அந்த மேடையை வகுப்பறைக்குள் போட்டோம், அவ்வளவுதான். வழக்கு, வாலி வதை. வாலியை இராமன் மறைந்து நின்று அம்பெய்து கொன்றது முறையா? ஒரு தரப்பு குற்றம் சாட்டும், மறுதரப்பு மறுக்கும், நடுவர் தீர்ப்புச் சொல்வார்.

பிள்ளைகள் நன்றாகவே கிளப்பினார்கள். மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கி அதில் பொறித்திருந்த பெயரை வாலி படிக்கும் இடத்தை ஒரு மாணவி எடுத்துக்கொண்டாள். மறைந்து எய்தவன் அம்பில் பெயரை ஏன் பொறித்து வைத்திருக்கிறான் என்று கேட்டாள். மறுதரப்பிடம் பதில் இல்லை. கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். மறைந்து நின்றது ஏன் என்ற கேள்விக்குக் கம்பனில் விடை சொல்வது இராமன் இல்லை, இலக்குவன் என்றான். நேரில் வந்தால் வாலியும் அடைக்கலம் கேட்டுவிடக்கூடும் என்பது இலக்குவன் சொல்லும் காரணம். ‘குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்காமல் தம்பி ஏன் பேசுகிறார்?’ என்று எதிர்த்தரப்பு மடக்கியதும் வகுப்பே சிரித்தது. சாகும் தறுவாயில் வாலி தம்பிக்காகக் கேட்கும் வரத்தையும் ஒருத்தி விடவில்லை. கள்ளுண்டு புத்தி தடுமாறி சுக்ரீவன் தவறு செய்தாலும், என் மேல் ஏவிய அம்பை அவன் மேல் ஏவிவிடாதே என்கிறான். நாற்பது நிமிடம் போனது தெரியவில்லை.

கணினி அறையையும் இதற்காகவே திறந்துவிட்டோம். பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தரும், 1998 முதல் இணையத்தில் இருக்கும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் இணைய வடிவம், இந்த மூன்றும் போதும். பதிப்புக்குப் பதிப்பு பாட்டெண் மாறும் என்பதையும், அதனால் படலத்தின் பெயரையும் பாட்டின் முதற்சீரையும் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். பாடம் நடத்தியிருந்தால் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி.

இரண்டாம் சுற்றில் பேசியவர்கள் பலர் தாளைப் பார்த்துப் படித்தார்கள். தாளில் இருந்தது அவர்கள் தமிழ் இல்லை. ‘பன்முகப் பரிமாணம் கொண்ட அறச்சிக்கல்’ என்று ஒரே தொடர் இரு தரப்பிலும் வந்தது. ஒரு மாணவர் ‘கம்பன் பாடுகிறான்’ என்று ஒரு பாட்டையே சொன்னார். நடுவராக இருந்த ஆசிரியை பேச்சை நிறுத்தி, எந்தப் படலம் என்று கேட்டார். பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆசிரியை அந்த வரிகளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். நான்கு அடியிலும் எதுகை இல்லை. சீர் அடிக்கு அடி மாறுகிறது. கம்பன் பாடிய விருத்தப் பாவகை தெரிந்த யாருக்கும் அங்கேயே விளங்கிவிடும். மின்னூலகத்தில் தேடியும் பார்த்தோம். அப்படி ஒரு பாட்டு இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று கேட்டதும் கட்டிக் கொடுத்திருக்கிறது, வீட்டில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் வீட்டில் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. உங்கள் நோக்கத்தையும் நான் சந்தேகப்படவில்லை. பிள்ளை மேடையில் திணறக் கூடாது என்ற கவலை எந்தப் பெற்றோருக்கும் உண்டு. வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்குக் கிஷ்கிந்தா காண்டத்தைப் புரட்டுங்கள் என்று யாரையும் கேட்க முடியாது என்பதும் தெரியும். கையில் போன் இருக்கிறது, கேட்டால் ஒரு நிமிடத்தில் பேச்சு வந்துவிடுகிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இல்லாத பாட்டைக் கம்பன் பெயரில் சொல்ல வைப்பது உதவி ஆகாது. அன்று வகுப்பின் முன்னால் கூசி நின்றது அந்தப் பையன். பேச்சை எழுதியவரும் இல்லை, செயலியும் இல்லை. தானே நான்கு வரி எழுதித் தடுமாறிப் பேசிய பிள்ளைகளுக்கும் இது அநியாயம். தீர்ப்பு ஏன் எதிராக வந்தது என்று கேட்டுத் தமிழாசிரியர்களை இரவில் போனில் அழைப்பதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்காடு மன்றத்தில் யாராவது ஒரு தரப்பு தோற்கத்தான் செய்யும். இராமனுக்கு எதிரான தரப்பில் பேசும் பிள்ளைக்குப் பக்தி குறைந்துவிட்டது என்றும் பொருள் இல்லை. குற்றம் சாட்டும் அந்தக் கேள்விகளையெல்லாம் வாலியின் வாயில் வைத்தவர் கம்பர்தான்.

அதனால் அடுத்த பருவத்தில் சில மாற்றங்கள். எந்தத் தரப்பு என்பதை அன்று காலை சீட்டுக் குலுக்கித்தான் சொல்வோம். தயாரிப்பு முழுக்க வகுப்பு நேரத்திலும் கணினி அறையிலும் நடக்கும். மேடைக்கு அச்சடித்த தாள் வரக் கூடாது. மாணவர் தம் கைப்பட எழுதிய குறிப்புச் சீட்டு ஒன்று மட்டும் போதும். சொல்லும் பாட்டுக்குப் படலமும் முதற்சீரும் அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவர் அந்தப் பாட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார். செயலியை அடியோடு தள்ளி வைக்கவில்லை. அது சொல்வதைப் பிள்ளைகள் நூலோடு ஒப்பிட்டுத் தப்பைக் கண்டுபிடிக்கும் பயிற்சி ஒன்றை ஆசிரியர்களே வகுப்பில் நடத்துவார்கள்.

அடுத்த வழக்கு பெரியபுராணத்திலிருந்து. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன் மேல் தேரோட்டிய சோழ மன்னனின் தீர்ப்பு சரியா? அந்தக் கட்டளையை நிறைவேற்ற மனம் வராமல் உயிரை விட்ட அமைச்சரை அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறோம், சேக்கிழார் மறக்கவில்லை. அவர் பக்கம் யார் பேசப்போகிறார்கள் என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொல்லி, நீ அரசனாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பதிலோடு சண்டை போடுங்கள். எழுதிக் கொடுக்க மட்டும் வேண்டாம்.

கணினி அறைக்குப் பழைய மடிக்கணினிகளைக் கொடுத்துதவிய பெற்றோருக்கும், மன்றத்தன்று நேரில் வந்து பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கும், வாலியின் பாட்டுகளை ராகத்தோடு பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பாட்டிக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

குறிப்பு: வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரையுடன் கூடிய கிஷ்கிந்தா காண்டம் நூலகத்துக்கு இன்னும் திரும்பி வரவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் பள்ளி திறக்கும் நாளில் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், அபராதம் கிடையாது.