பிஸ்டன் போனது சரி, ஏன் போனது?

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய போட்டோக்களை உன் அண்ணன் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தேன். இங்கே ஐப்பசி மழை விடவில்லை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. பட்டறையில் வேலை இல்லை. போனில் பாதியில் நின்றுபோனதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிஸ்டன் மாற்றியாயிற்று, வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது என்றாய். சந்தோஷம்தான். இரண்டு பேர் போகிற பனிவண்டி (அதுதான் ஸ்னோமொபைல்), இருபத்தைந்து வருஷப் பழசு, அதை என் மகளே பிரித்து மாட்டியிருக்கிறாள் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன். ஆனால் பழைய பிஸ்டன் ஏன் போனது என்று நீ சொல்லவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

போட்டோவில் எக்ஸாஸ்ட் பக்கத்து விளிம்பு மெழுகு மாதிரி உருகி ரிங் வரைக்கும் அரித்திருக்கிறது. அந்தப் பக்கத்துப் பிளக் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருக்கிறது. அடுத்த சிலிண்டரின் பிளக் காபிப்பொடி நிறத்தில் நன்றாகவே இருக்கிறது. விஷயம் அங்கேதான். பெட்ரோல் இரண்டுக்கும் ஒரே டேங்க்கிலிருந்துதான் போகிறது. அது கெட்டிருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும். ஆயில் குறைந்திருந்தால் முதலில் பிஸ்டனின் பக்கவாட்டில் கோடு கோடாகக் கீறல் விழும். இது கீறல் இல்லை, உருகல். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதுவும் ஒரு பக்கம் மட்டும். அப்படியானால் அந்தக் கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற ஊசித்துளையான ஜெட்டில் அடைப்பு, இல்லையென்றால் கார்பரேட்டரை எஞ்சினோடு சேர்க்கிற ரப்பரில் வெடிப்பு, இல்லையென்றால் அந்தப் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து வெளிக்காற்றை உள்ளே விடுகிறது. வேறு இடம் தேட வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்ட கதையை உனக்குச் சொன்னதில்லை. ஆர்.எக்ஸ். 100 வந்த புதிதில் ஒருவர் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புதுப் பிஸ்டன் மாட்டி, கெத்தாக அனுப்பினேன். பதினைந்தே நாளில் நெல்லிக்குப்பம் போகிற வழியில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. பின்னால் அவர் மனைவி, மடியில் குழந்தை. நல்லவேளை, கிளட்சைப் பிடித்துவிட்டார். அப்புறம்தான் கார்பரேட்டர் ரப்பரை வளைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. வளைக்காமல் பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டாவது பிஸ்டனுக்கு நான் காசு வாங்கவில்லை. அவர் அதன்பிறகு என் பட்டறைக்கு வரவும் இல்லை.

ஆகவே நீ இப்படிச் செய். கார்பரேட்டர் இரண்டையும் எக்ஸாஸ்டையும் கழற்று. வாய்களைப் பழைய சைக்கிள் டியூப் ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி அடை. பிளக் ஓட்டை வழியாகக் கைப்பம்பால் ஆறு பி.எஸ்.ஐ. வரை மட்டும் காற்று ஏற்று. அவசரப்பட்டு கம்ப்ரஸரை வைத்துவிடாதே, நல்ல ஆயில் சீலையும் தள்ளிவிடும். சில நிமிஷத்துக்குப் பம்பு மீட்டரின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவு, குமிழி காட்டிக்கொடுக்கும். பெல்ட் பக்கத்து சீல் முன் புல்லிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். புல்லியை அதற்கான புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியல் பட்டால் அலுமினியம், விட்டுப்போகும். இன்னொன்று: உருகிய துணுக்குகள் கீழே கிராங்க் பேரிங்கில் விழாமலா இருக்கும்? கழுவினாயா?

‘இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது’ என்பாய். இப்போது கனடாவில் உங்கள் தண்டர் பே ஊரில் மைனஸ் ஐந்து. ஜனவரியில் மைனஸ் முப்பது வரும்போது பார். நம் ஊர் 30 டிகிரி காற்றைவிட அந்தக் காற்று கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அடர்த்தி கூடுதல். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இன்றைக்குத் தாக்குப்பிடிக்கிற சின்ன ஓட்டை அன்றைக்குப் பிஸ்டனைத் தின்றுவிடும். எந்தக் குளிருக்கு எந்த மெயின் ஜெட் என்று வண்டிப் புத்தகத்தில் அட்டவணை இருக்கும். அதன்படி போடு.

பெல்ட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் கைனெடிக் ஹோண்டா பெல்ட்டை எடுத்து நீ வளையல் என்று போட்டுக்கொள்வாயே, இதுவும் அதே ஜாதிதான், கொஞ்சம் பருமன். பக்கம் பளபளத்தாலோ அகலம் தேய்ந்தாலோ மாற்று. ஒன்று எப்போதும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். வண்டியை நகர்த்துகிற ரப்பர் பட்டை இருக்கிறதே, டிராக், அதற்குள் இருக்கிற சக்கர பேரிங்குகளைக் கையால் சுற்றிப் பார், கரகரத்தால் சீல்மேல் உள்ள நம்பரைப் படி. 6205 என்றிருந்தால் உள்ளே 25, வெளியே 52, அகலம் 15 மில்லி. எந்தக் கடையிலும் கிடைக்கும், கம்பெனி டப்பாவுக்குக் காசைக் கொட்டாதே.

எனக்கு அந்த வண்டியில் ரொம்பப் பிடித்தது வேறு. ரேடியேட்டர் முன்னால் இல்லை, டிராக்குக்கு மேலே தகடாக ஒட்டியிருக்கிறது, டிராக் வாரியடிக்கிற பனி பட்டுத்தான் எஞ்சின் தண்ணீர் குளிர்கிறது என்றாயே, அன்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டிராக்கின் உள்பக்கம் உரசுகிற பிளாஸ்டிக் பட்டைக்கும் அந்தப் பனிதான் ஆயிலாம். பார், பனியில் ஓடுகிற வண்டிக்குப் பனியே தண்ணீர், பனியே எண்ணெய். அதனால் பொடிப்பனி இல்லாத வெறும் ஐஸில் வெகுதூரம் ஓட்டாதே. எஞ்சினும் கொதிக்கும், பட்டையும் உருகும். ஐஸின் கனம் விஷயத்தில் உள்ளூர்க்காரர் சொல்வதைக் கேள். தேவனாம்பட்டினத்துக்காரரைக் கேட்காமல் முகத்துவாரத்தில் படகை விட்டால் என்ன ஆகும் என்று நீ பார்த்திருக்கிறாய்.

உன் அண்ணன் ஒன்று படித்துக் காட்டினான். ஸ்கீ-டூ வண்டியை 1959-ல் கொண்டுவந்தாரே பாம்பார்டியே, அவர் மகன் இரண்டு வயதில், 1934 குளிர்காலத்தில், பனியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இறந்துபோனானாம். எனக்கு அதற்குமேல் கேட்க முடியவில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மாப்பிள்ளையும் ஏறினால் பின் ஸ்பிரிங்கை இரண்டு பேர் கனத்துக்குத் திருப்பி வை. இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, முன்னால் பனிச்சறுக்குக் கட்டை லேசாகி, ஹேண்டில் திருப்பினாலும் வண்டி நேரே போகும். ஸ்கூட்டரில் மூட்டை ஏற்றினால் முன்சக்கரம் தூக்குமே, அந்தக் கதைதான்.

முள் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இருந்தால் வீடியோவில் வருகிறேன், கார்பரேட்டர் ரப்பரைக் கேமரா முன்னால் வளைத்துக் காட்டு. அம்மா வடகமும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், மழை விட்டதும் பார்சல் போடுகிறோம். பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கம்பி கெட்டியாக இருக்கிறதா என்று அவள் நாலு நாளாகக் கேட்கிறாள். அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடு.

அன்புடன்,
அப்பா