குட்டைக்கரையிலிருந்து ஒரு கடிதம்

கோக்ரேன், வட ஒன்டாரியோ
ஜூலை 29

அன்புள்ள செல்வா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. டாக்டர் சொன்ன நாள்வரை சொட்டு மருந்தை விட்டுவிடாதே.

மகளின் வேலைக்காக நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது. டொராண்டோவிலிருந்து காரில் வடக்கே சுமார் 700 கிலோமீட்டர். ஊரைத் தாண்டினால் ஸ்புரூஸ் மரக்காடு, பாசி மூடிய சதுப்பு, மறுபடியும் காடு. இவ்வளவு காடு இருந்தும் நான் பறவை பார்க்கப் போவது ஊரின் கழிவுநீர் வந்து சேரும் குட்டைகளுக்குத்தான்.

முகம் சுளிக்காதே. இந்தக் காட்டுச் சதுப்பு நீரில் புளிப்பு அதிகம், சத்து குறைவு. குட்டையில் அப்படியில்லை. ஆழமில்லாத நீரில் வெயில் பட்டுப் பாசி வளர்கிறது, அது விடும் ஆக்சிஜனில் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அடிச்சேற்றில் கடிக்காத, கொசு போன்ற பூச்சிகளின் புழுக்கள் நெளிகின்றன. நீர்மட்டம் இறங்கினால் ஓரமெல்லாம் சேறு. நீண்ட பயணம் போகும் பறவைக்கு இதைவிட நல்ல சாப்பாடு இந்தக் காட்டில் எங்கே கிடைக்கும்? நாற்றம் உண்டு, மறைக்கவில்லை. வசந்தத்தில் பனிக்கட்டி உருகும் வாரம்தான் மிகவும் மோசம். இப்போது அவ்வளவாக இல்லை.

நேற்று காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். ஊர் அலுவலகத்தில் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். கரைமேல் மட்டும் நடப்பேன், வேலியைத் தாண்டமாட்டேன். முதல் குட்டையின் ஓரத்தில் பதினோரு மஞ்சள்கால் உள்ளான்கள். நம் ஏரிக்கு வரும் பொறி உள்ளானை நினைத்துக்கொள். அதே ஒல்லி உடம்பு, அதே நடை, கால் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். ஜூலையிலேயே வளர்ந்த பறவைகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன, அந்த வருடத்துக் குஞ்சுகள் பின்னால் தனியாக வரும். வழி காட்ட யாருமில்லாமல் தென் அமெரிக்கா வரைக்கும்! சதுப்புகள் அழிவதாலும் வழியில் வேட்டையாடப்படுவதாலும் இவை குறைந்துவருகின்றன. 2020இல் கனடாவின் நிபுணர் குழு இந்த இனத்தை அழிவு அச்சுறுத்தலில் இருப்பதாக மதிப்பிட்டது. அதிலிருந்து ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் தள்ளி, மற்றவற்றோடு சேராமல் ஒற்றையாக வேறு வகை உள்ளான் ஒன்று. உள்ளான் என்றால் தரையில் முட்டையிடும் என்றுதானே நினைப்போம்? இது மரத்தில், ராபின் போன்ற பறவைகள் விட்டுப்போன பழைய கூட்டில் முட்டையிடுகிறது. 1903 வரை இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றுவிட்டேன், கொசுக்கடியையும் மறந்து.

ஒரு கவலை. பல ஊர்களில் குட்டைகளை மூடிவிட்டு இயந்திரச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறார்கள். தண்ணீர் சுத்தமாகட்டும், அது வேண்டும். ஆனால் பழைய குட்டையை மண் போட்டு மூடாமல் பறவைகளுக்கு விட்டுவிடலாம். வட கனடாவில் யெல்லோநைஃப் நகரத்தின் நிவன் ஏரி 1981 வரை கழிவுநீர் விட்ட இடம். இன்று அதைச் சுற்றி நடந்து பறவை பார்க்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்யச் சொல்லி ஊர் அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன்.

சரி, கட்டு அவிழ்த்ததும் உன் பழைய பைனாகுலரை எடு. பொறி உள்ளான் ஏரிக்கு வந்துவிட்டதா, எத்தனை என்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
முருகு