பாக்கி வேலைகளுக்கு ஒரு நோட்டு

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தோடு இருக்கும் நோட்டு உனக்குத்தான். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடை ஒன்றில் வாங்கினேன். கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்த தாள், மை பின்பக்கம் ஊறாது. நீ வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் சத்தத்தில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேச முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு தட்டி, விட்டுப்போன வேலைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வருகின்றன என்று அம்மாவிடம் சொன்னாயாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பெரியவன் தொடக்கநிலை ஒன்று, சின்னவள் பாலர் பள்ளி, வீடு பொங்கோலில், ஆபீஸ் சாங்கியில். பள்ளிச் செய்தி போனில் பேரண்ட்ஸ் கேட்வே ஆப்பில் வருகிறது, குடும்ப விஷயம் வாட்ஸ்அப்பில், ஆபீஸ் மீட்டிங் எல்லாம் கம்ப்யூட்டர் காலண்டரில். எல்லாம் எங்கோ பதிவாகித்தான் இருக்கிறது. ஆனால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க உனக்கு வழியில்லை. அந்த வேலையைத் தூக்கத்திலும் உன் மூளையே செய்துகொண்டிருக்கிறது.

டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் பெய்லர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். 57 இளவயதினரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து, படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப்பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப்பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. நடுராத்திரி விழிப்புக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் நோட்டைக் கட்டில் பக்கத்தில் வை. படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும்.

எழுதும் முறைக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளரின் வழியே எனக்குப் பிடிக்கிறது. சின்ன வயதில் கவனக்குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர். தனக்காக உண்டாக்கிய முறையை 2013இல் எல்லோருக்கும் சொன்னார். புல்லட் ஜர்னல் என்று நீயே கேள்விப்பட்டிருப்பாய். முதல் சில பக்கம் பொருளடக்கத்துக்கு விட்டுவிட்டு, மற்ற பக்கங்களுக்கு எண் போடு. அடுத்து வரப்போகும் மாதங்களுக்கு இடம் ஒதுக்கு. மார்ச், ஜூன், செப்டம்பர் பள்ளி விடுமுறை, தீபாவளி எல்லாம் அங்கே போகட்டும். அப்புறம் நடப்பு மாதம், அதற்குப் பின் அன்றன்றைய நாள். செய்ய வேண்டியதற்கு ஒரு புள்ளி, நிகழ்ச்சிக்கு ஒரு சின்ன வட்டம், குறிப்புக்கு ஒரு சிறு கோடு. முடிந்தால் புள்ளிமேல் பெருக்கல் குறி, தள்ளிப்போட்டால் அம்புமுனை போட்டு அடுத்த மாதப் பக்கத்தில் மறுபடி எழுது. அவ்வளவுதான்.

இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா, அந்த அம்புமுனையில். செம்பவாங் கப்பல் பட்டறையில் ஷிப்ட் மாறும்போது நாங்கள் லாக் புக் எழுதுவோம். ‘கடல்நீர் வால்வு ஓவர்ஹால் முடிந்தது. பிரஷர் டெஸ்ட் பாக்கி. கேஸ்கெட் ஸ்டோரில் கேட்டிருக்கிறது. ஹாட் ஒர்க் பெர்மிட் மாலை ஆறு வரைதான்.’ எது முடிந்தது, எது பாக்கி, எந்தப் பொருளுக்குக் காத்திருக்கிறோம், வெல்டிங் மாதிரி நெருப்பு வேலைக்கு எதுவரை அனுமதி என்று இப்படி நாலு வரி. அடுத்து வருபவர் அதை வாசித்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். முடியாத வேலையைக் கைப்பட மறுபடி எழுதித்தான் அடுத்த ஷிப்டுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுத நேர்ந்தால் ஃபோர்மேன் கேட்பார்: ‘இது ஏன் நகரவே இல்லை? பொருள் வரவில்லையா, ஆள் இல்லையா, இல்லை இந்த வேலையே தேவையில்லையா?’

நீயும் மாதக் கடைசியில் அப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். போனில் போட்டு வைத்த வேலை தானாகவே அடுத்த நாளுக்குப் போய்விடும், நீ ஒன்றும் தீர்மானிக்க வேண்டியதில்லை. நோட்டில் அப்படி நடக்காது. மறுபடி எழுதக் கை வலிக்கும். அந்த வலி நல்லது. எழுதவே அலுப்பாக இருக்கிற வேலையை அடித்துவிடு. பெரியவனுக்கு மூன்றாவதாக ஒரு வகுப்பு தேடுவது அப்படிப்பட்ட வரிதான் என்று நான் நினைக்கிறேன். நீச்சலும் தமிழ் வகுப்பும் போதாதா அவனுக்கு?

இன்னொன்று. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது யார் வேலை என்று எழுது. எழுதிப் பார்த்தால் பாதி வரிகளில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டும் என்று உனக்கே புரியும். அவர் செய்ய மாட்டேன் என்பவர் இல்லை. என்னென்ன வேலை இருக்கிறது என்பது உன் தலைக்குள்ளேயே இருப்பதால்தான் அவருக்குத் தெரிவதில்லை. நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். உன் மாமியாரைப் பலதுறை மருந்தகத்துக்கு நான் கூட்டிப் போகிறேன். அந்த வரியில் ‘அப்பா’ என்று போட்டுக்கொள்.

வண்ண டேப், ஓவியம், அழகெழுத்து என்று ஆரம்பித்துவிடாதே. அது இன்னொரு வேலையாகிவிடும். நாலு நாள் எழுதாமல் போனால் போகட்டும், விட்ட தேதிகளை நிரப்ப உட்காராதே, இன்றைய தேதியைப் போட்டு எழுது. நேரத்துக்கு மணியடிக்க வேண்டியதெல்லாம் போனிலேயே இருக்கட்டும், காகிதம் உன்னை எழுப்பாது. பாஸ்வர்ட், அடையாள அட்டை எண் இதெல்லாம் நோட்டில் வேண்டாம். எம்.ஆர்.டி.யில் விட்டுவிட்டு வந்தால் வம்பு.

ஜூன் விடுமுறையில் பிள்ளைகளை இரண்டு வாரம் எங்களிடம் விடு. எந்த இரண்டு வாரம் என்று ஆபீசில் கேட்டு முதலில் நோட்டில் எழுது, பிறகு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல். அவள் அதற்குத் தகுந்தாற்போல் தன் வேலைகளை மாற்றிக்கொள்வாள்.

அன்புடன்,
அப்பா